புற்றுநோய்த் தடுப்பும் நம் கடமையும்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் புற்றுநோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். விடுதி இடம், உதவித்தொகை, தேர்வுக் கட்டணம் என்று இருபத்தைந்து ஆண்டுகள் நாம் பாடுபட்டோம். அப்பாட்டின் பயனாய்ப் பிள்ளை முதல் மாதச் சம்பளம் வாங்கும் வேளையில், அவனைப் பெற்றவள் ஆறாத வாய்ப்புண்ணோடு பெரிய மருத்துவமனை வாயிலில் காத்துக் கிடந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். வீட்டை அடகு வைத்துப் பிள்ளையின் படிப்பையும் நிறுத்திய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆகவே இதுவும் கல்வியைச் சேர்ந்த பொருளே.

பழைய செய்தி ஒன்று. 1775-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர், புகைக்கூண்டு துடைக்கும் தொழிலாளர்க்கு விதைப்பையில் ஒருவகைப் புற்று வருவதைக் கண்டு எழுதினார். ஏழைச் சிறுவர்களைக் குறுகிய புகைக்கூண்டுகளுள் ஏற்றிவிடுவது அக்கால வழக்கம். கரி உடலில் படியும், கழுவ வழியிராது, வளர்ந்து ஆளான பின்னர் நோய் வெளிப்படும். விதியன்று, கரியே காரணம் என்பது அவர் கண்ட உண்மை. 1788-இல் சட்டம் வந்தது. 1840-இல் மீண்டும் வந்தது. ஆயினும் 1875-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே சிறுவரை ஏற்றும் வழக்கம் உண்மையில் ஒழிந்தது. கையால் மலமள்ளுவதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்களைக் கண்ட நமக்கு, ஏட்டுச் சட்டம் இன்னதென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. உடலை மூடும் உடையும் அன்றாடக் குளியலும் வாய்த்த பிற ஐரோப்பிய நாட்டுத் தொழிலாளரிடம் இந்நோய் அரிதாக இருந்ததை 1892-இல் பட்லின் என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். நோயைத் தடுத்தவை சோப்பும் தண்ணீரும் துணியும். அவற்றைத் தர மறுத்தவர் யாவர் என்பதே கேள்வி.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் தொழிலில் உழைப்போர் நம்மவர் பலர். தோல் தூசி மூக்கிலும் அதனை அடுத்த எலும்புக் குழிகளிலும் புற்றை உண்டாக்குவதென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உறுதி செய்துள்ளது. முகக் கவசமும் காற்றுப்போக்கியும் தொழிற்சங்கக் கோரிக்கைகளில் கூலி உயர்வுக்கு அடுத்த வரியிலேனும் இடம்பெற வேண்டும்.

இனி நம் வீட்டுப் பழக்கத்திற்கு வருவோம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் நம் தாய்மார் புகையிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொள்வது ஏன்? பசி தெரியாமல் இருக்கத்தான். சில பண்ணைகளில் கூலியோடு வெற்றிலையும் புகையிலையும் கொடுத்ததாகப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அரைவயிற்றுக் கூலியை மறக்கச் செய்யும் மலிவான மருந்து அது! அதக்கிய இடத்தில் முதலில் வெண்படலம் தோன்றும். காரம் பட்டால் எரியும். சிலர்க்கு வாய் திறப்பது குறையும். வலியில்லை என்று விட்டுவிடுகிறோம். வலி வரும்போது நோய் முற்றியிருக்கும். புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தானே என்பாரும் உளர். பாக்கே புற்றுக்குக் காரணமாவதென்று 2004-இல் அறிஞர் குழு முடிவு கூறிவிட்டது. சிகரெட்டைவிடப் பீடி தீங்கு குறைந்தது என்பதும் பொய்யே.

குடியும் அப்படியே. தொண்டைக்கும் உணவுக்குழாய்க்கும் கல்லீரலுக்கும் அது புற்றைத் தருவது. புகையோடு சேர்ந்தால் கேடு பன்மடங்காகும். சாக்கடையில் இறங்கும் தோழரைப் பார்த்துக் குடிகாரன் என்று ஏசுவது எளிது. குடிக்காமல் அந்நாற்றத்தில் ஒரு நாள் நிற்க ஏசுவோரால் இயலுமா? எனினும் அந்தக் காரணத்தைச் சொல்லி நாமே நம்மை ஏமாற்றிக்கொள்ளலாகாது. 2003-ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசு நிறுவனமே. ஒரு கையால் மருத்துவமனை கட்டி மறு கையால் புட்டி நீட்டும் இம்முறையை நாம் கேள்வி கேட்டாக வேண்டும்.

2003-ஆம் ஆண்டின் புகையிலைத் தடுப்புச் சட்டப்படி, கல்விக்கூடத்திலிருந்து நூறு கெஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கும் விற்கக் கூடாது. இளைஞர்களே, நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி வாயிலிலிருந்து அடுத்த பெட்டிக்கடை வரை ஒருநாள் அடியெண்ணிப் பாருங்கள். எண்ணியபின் மனு எழுதுவதற்குத்தானே நாம் படித்தோம்!

பெண்களுக்கு வரும் கருப்பைவாய்ப் புற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெட்கத்தால் நாம் இழந்த உயிர்கள் மிகுதி. 2000-ஆம் ஆண்டு தொடங்கித் திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர்களில் ஓர் ஆய்வு நடைபெற்றது. வினிகரில் உள்ள அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவினால், கெடத் தொடங்கிய இடம் வெண்மையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு இச்சோதனையைச் செய்தனர். ஒரே ஒரு முறை செய்த சோதனையால் அந்நோயின் சாவு 35 விழுக்காடு குறைந்ததென 2007-இல் முடிவு வெளியாயிற்று. விலையுயர்ந்த கருவி ஏதுமின்றி நிகழ்ந்தது இது. ஒப்பீட்டுக்காகச் சோதனையின்றி விடப்பட்ட ஊர்களில் இருந்தோரும் ஏழைப் பெண்களே என்பது நம் நெஞ்சை உறுத்துகிறது. இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயது கடந்த பெண்கள் இச்சோதனையைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். இந்நோயை உண்டாக்கும் கிருமிக்குத் தடுப்பூசியும் உண்டு. 9 முதல் 14 வயது வரையுள்ள சிறுமியர்க்கு அதனை இட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தில் பிறந்த உறுதியே 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாய் எழுந்தது. அங்குச் சென்று சேரும்போது நோய் முற்றியிராமல் பார்த்துக்கொள்வது ஊரில் இருக்கும் நம் வேலை.

மண்டப வாயிலில் மேசைமீது குறிப்பேடு ஒன்று இருக்கிறது. சோதனைக்கு வர விரும்பும் தாய்மார் பெயரை எழுதிச் செல்லலாம். மகளிர் அணியினர் குழுவாகவே அழைத்துச் செல்வர். கணவன்மார் முன்வந்து மனைவியின் பெயரை எழுதினால் அதையும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வோம். வாய்ச்சோதனைக்கு ஆடவர்க்கும் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். அது இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.