ஒரு மீட்டர், பத்துக் குடும்பம்
(லைன் வீட்டுக் குடியிருப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மின்சாரக் கட்டணம் ஏறிவிட்டது என்று நாம் வந்து சொல்ல வேண்டியதில்லை, பில்லே சொல்லிவிட்டது. அந்த ஏற்றம் யார் தலையில் எவ்வளவு விழுகிறது என்ற கணக்கைத்தான் இன்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கட்டணம் உயர்ந்தது. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரித்த வீடு அதற்கு முன் 170 ரூபாய் கட்டியது; பிறகு 225 ரூபாய் கட்டியது. 500 யூனிட் எரித்த வீட்டுக்கு 1,130 ரூபாய் 1,725 ஆயிற்று. அதோடு நின்றதா? இல்லை. விலைவாசிப் புள்ளிக்கு ஏற்ப, 6 சதவிகிதத்துக்கு மிகாமல், ஆண்டுதோறும் ஜூலையில் ஏற்றவும் அன்றே வழி செய்தார்கள். 2024 ஜூலையில் 4.83 சதவிகிதம் ஏறியது.

புள்ளிக்கு ஏற்ற படி என்றால் என்னவென்று மில் தொழிலாளிக்குத் தெரியும். பஞ்சப்படிக்காக நம் முன்னோர் எத்தனை நாள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள்! இன்று அதே மில்லில் காண்ட்ராக்டில் வேலை செய்பவருக்கு அது கிடைப்பதில்லை. களை எடுக்கும் தாய்க்கும் கிடைப்பதில்லை. கட்டணத்துக்குப் பஞ்சப்படி உண்டு, கூலிக்கு இல்லை. இது என்ன நியாயம்?

"ஏழைக்குத்தான் 100 யூனிட் இலவசமாயிற்றே?" என்பார்கள். 2016-ல் அந்தச் சலுகை வந்தது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது மீட்டருக்குக் கிடைக்கிறது, குடும்பத்துக்கு அல்ல. இந்த லைனைப் போன்ற ஒன்றில் பத்து அறை, பத்துக் குடும்பம், வாரியத்தின் மீட்டர் ஒன்றே ஒன்று என்று வையுங்கள். ஒரு விளக்கு, ஒரு விசிறி, ஒரு டி.வி. இரண்டு மாதத்துக்குக் குடும்பத்துக்கு 100 யூனிட். தனித்தனி மீட்டர் இருந்தால் பத்துப் பேரும் கட்ட வேண்டியது ஒரு காசும் இல்லை. ஒரே மீட்டரில் அது 1,000 யூனிட் ஆகிறது. பணக்கார வீட்டுப் படிக்கு ஏறிவிடுகிறது. 2022 விகிதப்படி பில் 6,550 ரூபாய்!

இதைக் கட்டுவது யார்? வீட்டுக்காரர் உள்மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வசூலித்தால், குடும்பத்துக்கு 800 ரூபாய்; மொத்தம் 8,000. வாரியத்துக்குப் போக மீதி 1,450 ரூபாய் அவர் மடியில். ஏழைக்கு என்று சொன்ன சலுகை ஏழை வாசல் வரை வந்து திரும்பிப் போகிறது.

ஆகவே நாம் கேட்கிறோம்: வாடகைக்குக் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மீட்டர் வேண்டும். வாரக் கூலியில் வாழ்பவன் இரண்டு மாதப் பில்லை ஒரே நாளில் எப்படிக் கட்டுவான்? மாதந்தோறும் கணக்கெடுக்க வேண்டும். 2021 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதிதான் அது. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் விலைவாசிக்கு ஏற்றபடி கூலி உயர வேண்டும்.

தனி ஆளாகப் போய் மீட்டர் கேட்டால், "வேறு வீடு பார்த்துக்கொள்" என்பார்கள். பத்துக் குடும்பமும் சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே இன்று இரவே தொடங்குவோம். எத்தனை குடும்பம், எத்தனை மீட்டர், யூனிட்டுக்கு என்ன வசூல் என்று லைன் லைனாக எழுதுவோம். அந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லோருமாக மின்வாரிய அலுவலகத்துக்குப் போவோம்.