ஆள் முன்னே, விவரம் பின்னே

தமிழில் 'நேற்று வந்த பெண்' என்கிறோம். விவரம் முதலில், ஆள் பிறகு. ஆங்கிலத்தில் ஆள் முந்திக்கொள்வார்: 'தி உமன் ஹூ கேம் யெஸ்டர்டே'. வந்தது அவரேதான் என்பதால் இங்கே 'ஹூ'வை விட்டுவிட முடியாது. வேண்டுமானால் 'தட்' போடலாம். அதுவே 'நான் சந்தித்த பெண்' என்றால், சந்தித்தது நான். அப்போது 'தி உமன் ஐ மெட்' போதும். பேச்சில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். 'ஹூம்' போடவில்லையே என்று தயங்கவே வேண்டாம்.

1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் ஆட்களுக்கும் 'விச்' வரும். இன்று அப்படிச் சொல்வதில்லை. அதேபோல ஆளைக் குறிக்க 'தட்'டும் தவறு என்று சிலர் பிள்ளைகளைத் திருத்துகிறார்கள். தயவுசெய்து திருத்தாதீர்கள். கவிஞர் சாசர் காலத்திலிருந்தே அது புழங்கி வருகிறது.