டீ ஸ்ட்ராங், மழை ஹெவி



ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவாவைக் கிண்டுவாங்க. ஆடிப்பூரத் தேரை வடம் பிடிச்சு இழுப்பாங்க. 'பால்கோவாவைக் கலக்குறாங்க'ன்னு ஒருத்தர் சொன்னா அர்த்தம் புரியும். ஆனா ஆள் வெளியூர்னு தெரிஞ்சுடும்.

இங்கிலீஷ்ல நமக்கும் அதே கதைதான். தமிழ்ல டீ போடுவோம், கோலம் போடுவோம், மாத்திரை போடுவோம், சண்டையும் போடுவோம். காயத்துக்குக் கட்டும் போடுவோம். அந்தக் கட்டுத்துணியை ராஜபாளையத்துலேயும் சத்திரப்பட்டியிலேயும் நெய்யுறாங்க. இங்கிலீஷ்ல இந்த ஒரே 'போடு' செல்லாது. டீக்கு 'மேக்', கோலத்துக்கு 'டிரா', மாத்திரைக்கு 'டேக்', காயத்துக்கு 'டிரெஸ்'. டீ 'ஸ்ட்ராங்'. மழை மட்டும் 'ஹெவி'! ஏன்னு கேட்டா இலக்கணத்துல பதில் இல்லை, பழக்கம், அவ்வளவுதான்.

இந்தச் சொல்ஜோடிகளை உட்கார்ந்து திரட்டினவர் ஹரால்டு பாமர். இங்கிலாந்துக்காரர். ஆனா வேலை நடந்தது டோக்கியோவுல; 1933-ல அறிக்கையா வெளியிட்டார். கூட இருந்த ஹார்ன்பி, ரெண்டு நண்பர்களோட சேர்ந்து தயாரிச்ச அகராதி 1942-ல அங்கேயே வந்துச்சு. பின்னாடி ஆக்ஸ்போர்டு பேர்ல நம்ம பள்ளிக்கூட அலமாரிக்கும் வந்தது அதோட வழித்தோன்றல்தான். இங்கிலாந்துல பிறந்த பிள்ளைக்கு அது தேவைப்படலை, பாருங்க!

ராஜபாளையத்துல வீட்டுல தெலுங்கு, தெருவுல தமிழ்னு வளர்ற பிள்ளைகள் நிறைய. ரெண்டையும் பட்டியல் போட்டா படிச்சாங்க? வாக்கியமாக் கேட்டாங்க. இங்கிலீஷ் வார்த்தைகளை நோட்டுலேயும் அப்படியே ஜோடியா எழுதலாம். 'ஹோம்வொர்க்'னு தனியா வேண்டாம், 'டூ ஹோம்வொர்க்'. 'மிஸ்டேக்'னா, 'மேக் எ மிஸ்டேக்'.