உயிரோடு இருக்கும்போதே கணக்கை எழுதுங்கள்

(மஹல்லா ஜமாஅத் சார்பில் இஷா தொழுகைக்குப் பின் நடைபெற்ற சமுதாய விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

   

அரசியல் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். பேசத்தான் போகிறேன். ஆனால் சட்டமன்றத்திலிருந்து தொடங்காமல் உங்கள் வீட்டு பீரோவிலிருந்து தொடங்குகிறேன். அந்த பீரோவில் இருக்கும் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? அதற்குப் பணம் கொடுத்தது யார்? உங்கள் மனைவிக்கு மஹர் கொடுத்துவிட்டீர்களா? நீங்கள் மவ்த்தான மறுநாள் உங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியுமா?

1985-ல் ஷா பானு வழக்கில் தீர்ப்பு வந்தபோது நம் பெரியவர்கள் நாடெங்கும் வீதிக்கு வந்தார்கள். 2025 ஜனவரி 27 அன்று உத்தரகாண்டில் பொது சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நாமும் கண்டனக் கூட்டம் போட்டோம். அந்தச் சட்டம் திருமணம், விவாகரத்தோடு நிற்கவில்லை, வாரிசுரிமையிலும் கை வைத்தது. நாம் எதிர்த்தது சரி. இனியும் எதிர்ப்போம். ஆனால் "ஷரீஅத்தைக் காப்போம்" என்று மேடையில் முழங்கிவிட்டு, மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறாரே, அவர் எந்த ஷரீஅத்தைக் காக்கிறார்?

1937-ல் ஷரீஅத் சட்டம் வந்ததற்கு ஒரு முக்கியமான காரணம், ஊர் வழக்கம் என்ற பெயரில் முஸ்லிம் பெண்களின் பங்கு பல பகுதிகளில் மறுக்கப்பட்டு வந்ததுதான். அந்தச் சட்டத்தில் விவசாய நிலம் விடுபட்டிருந்தது. 1949-ல் மதராஸ் மாகாணத் திருத்தம் அதையும் உள்ளே கொண்டுவந்தது. ஆகவே "வீட்டில் பங்கு உண்டு, நஞ்சையில் கிடையாது" என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல யாருக்கும் இடமில்லை.

பங்கீட்டில் நமக்குத் தேர்வு இல்லை. அதை அல்லாஹ்வே திருக்குர்ஆனில் (4:11, 12, 176) எண்ணிக்கையோடு வகுத்துவிட்டான். அப்படியானால் நமக்கு என்ன வேலை? எது என்னுடையது, எது என்னுடையது அல்ல என்ற கணக்கைத் தெளிவாக விட்டுச்செல்வது நம் வேலை. இந்தக் கணக்கு வீட்டுக்கு வீடு வேறு. பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய உயிலைப் பார்த்து நீங்கள் எழுத முடியாது.

ஒரு பஞ்சாயத்தைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அத்தா அரிசிக் கடை வைத்திருந்தவர். மனைவி, இரண்டு மகன், மூன்று மகள். மூத்தவர் இருபத்திரண்டு வயதில் சவூதிக்குப் போனார். பத்தொன்பது வருடம் மாதாமாதம் பணம் அனுப்பினார். அத்தா அதை வைத்து மனை வாங்கி, மாடி வீடு கட்டினார். மகன் ஊரில் இல்லை என்பதால் பத்திரம் அத்தா பெயரில். அத்தா மவ்த்தாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை, எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"ஒவ்வொரு செங்கல்லும் என் வியர்வை, வீடு என்னுடையது" என்கிறார் மூத்தவர். "பத்திரம் அத்தா பெயரில் இருக்கிறது. கடையில் நின்று அத்தாவைக் கடைசிவரை பார்த்தது நான்" என்கிறார் இளையவர். மகள்கள் மூவரும் பேசவில்லை. மருமகன்கள் பேசினார்கள். கடைசியாக அந்த அம்மாவிடம் கேட்டோம். "அவன் காசுதான் அத்தா. அவரு கடைக் காசும் போட்டாரு. எம்புட்டுன்னு யாரு எழுதி வச்சா?"

யாரும் எழுதி வைக்கவில்லை. அவ்வளவுதான் வழக்கு.

இதன் கணக்கைப் பாருங்கள். வீட்டின் மதிப்பு 40 லட்சம், அதற்காக மகன் அனுப்பியது 24 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குடும்பத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. மொத்தம் எட்டுப் பாகம் போட்டால் அம்மாவுக்கு ஒன்று, மகன்களுக்கு இரண்டு இரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று. மகன் அனுப்பிய பணம் அத்தாவுக்கு அன்பளிப்பு என்றால், வீடு முழுவதும் அத்தாவின் சொத்து. பாகத்துக்கு 5 லட்சம் வீதம் மூத்தவருக்கு 10 லட்சம் வரும். அதே பணம் கடன் என்றால், முதலில் 24 லட்சத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதி 16 லட்சத்தைத்தான் பாகம் வைக்க வேண்டும். அப்போது மகளுக்கு 5 லட்சம் அல்ல, 2 லட்சம். "எனக்காக வாங்குங்கள்" என்று அத்தாவை வகீலாக்கி அனுப்பியிருந்தால், வீடு மகனுடையது. அத்தா போட்ட கடைப் பணம்தான் மற்றவர்களுக்கும் சேர்ந்த வாரிசுச் சொத்து. ஒரே வீடு, ஒரே பணம், ஆனால் மூன்று ஹுக்மு! இதில் எது என்று சொல்ல வேண்டியவர் கபரில் இருக்கிறார்.

மூன்று நாள் உட்கார்ந்து ஸுல்ஹு செய்து வைத்தோம். ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இரண்டு பெருநாள் போய்விட்டது, அண்ணன் வீட்டு பிரியாணி தங்கை வீட்டுக்கு இன்னும் போகவில்லை.

வளைகுடாவில் பிள்ளை இருக்கும் பெற்றோர்களே! அடுத்த முறை பணம் வரும்போது போனிலேயே கேளுங்கள்: இது செலவுக்கா, எங்களுக்கா, உனக்கு வாங்கவா, கடனா? பதிலை நோட்டில் எழுதி வையுங்கள். கடனை, அது சிறியதோ பெரியதோ, எழுதிக்கொள்ளச் சொல்வது 2:282. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே அதுதான். அதைப் பெற்ற மகனிடம் கடைப்பிடிக்க நமக்குக் கூச்சம்.

மவ்த்துக்குப் பின் சொத்தைத் தொடும் வரிசை உங்களுக்குத் தெரியும். கபன், அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு வஸிய்யத், மிச்சம்தான் வாரிசுகளுக்கு. வசனத்தில் வஸிய்யத் முதலிலும் கடன் பின்னாலும் வருகிறது. நிறைவேற்றும்போது கடன்தான் முந்தும். பிறகு ஏன் வஸிய்யத்தை முதலில் சொல்ல வேண்டும்? கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நின்று கேட்பான், வஸிய்யத்தோ கேட்பாரில்லாமல் மறைக்கப்பட்டுவிடும், அதனால்தான் என்று விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். மத்ரஸாவில் இதை ஓதியபோது எனக்கு இலக்கணமாகத்தான் பட்டது. பஞ்சாயத்துகளுக்குப் போன பிறகுதான் புரிந்தது.

கடன் என்றவுடன் வட்டிக்கடையும் வங்கியும் நினைவுக்கு வருகின்றன. மனைவியின் மஹர் நினைவுக்கு வருவதில்லை. தஃப்தரில் எழுதிவிட்டு இதுவரை கொடுக்காத மஹர் கடன்தான். நகைக்கடன் வைக்க வாங்கிய மனைவியின் வளையலும் கடன்தான். அவளுக்கு வரும் எட்டில் ஒன்று அதற்கு ஈடாகாது, அது வேறு.

அடுத்து உயில். பத்திர எழுத்தரிடம் போனால் பெயரை மட்டும் மாற்றி எழுதித் தரும் ஒரு நகல் இருக்கிறது. "என் ஆயுளுக்குப் பின் என் வீடு என் மூத்த மகனைச் சேரும்" என்று இருக்கும். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது நபிமொழி. உங்கள் மவ்த்துக்குப் பின் மற்ற வாரிசுகள் மனமுவந்து சம்மதித்தால் தவிர அந்தக் காகிதம் நிற்காது. வாரிசு அல்லாதவருக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் நோயுற்றுக் கிடந்தபோது, அன்றைக்கு அவர்களுக்கு வாரிசாக ஒரே மகள்தான். மூன்றில் இரண்டைத் தர்மம் செய்யட்டுமா, பாதியைச் செய்யட்டுமா என்று கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மறுத்து, மூன்றில் ஒன்றுக்கு அனுமதித்து, அதுவே அதிகம் என்றார்கள்.

அந்த மூன்றில் ஒரு பங்கை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? பெரும்பாலும் எதற்கும் இல்லை. ஆனால் அது யாருக்குத் தேவை என்று உங்கள் வீட்டையே சுற்றிப் பாருங்கள். தகப்பனை இழந்த பேரன் இருப்பான். மற்ற மகன்கள் உயிரோடு இருக்கையில் அவனுக்கு வாரிசுப் பங்கு வராது. "இஸ்லாத்தில் அநாதைப் பேரனுக்கு ஒன்றுமில்லை" என்று ஊடகங்கள் எழுதுகின்றன. எகிப்து 1946-லேயே இப்படிப்பட்ட பேரப்பிள்ளைகளுக்கு வஸிய்யத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் செய்தது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை. நன்னாதான் எழுத வேண்டும். அவர் எழுதாமல் போய்விட்டு, பழி ஷரீஅத்தின் மேல் விழுகிறது.

2023 மார்ச் 8 அன்று கேரளத்தில், வழக்கறிஞரும் நடிகருமான ஒருவர், தம் மனைவியையே சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மறுபடி பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மூன்று மகள்கள் மட்டும் இருப்பதால் சொத்தில் ஒரு பகுதி சகோதரர்களுக்குப் போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். பலர் கொதித்தார்கள். என்னிடமும் ஃபத்வா கேட்டார்கள். நான் கேட்டது வேறு: மகள்கள் மட்டும் உள்ள எத்தனை பேர் நம் ஜமாஅத்தில் இதே கவலையோடு இருக்கிறார்கள்? அவர்களுக்கு நாம் வழி சொன்னோமா?

உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் பின் ரபீஃ (ரலி) அவர்களின் மனைவி இரண்டு மகள்களோடு நபி (ஸல்) அவர்களிடம் வந்து, பிள்ளைகளின் சிறிய தகப்பனார் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்று முறையிட்டார்கள். பாகப்பிரிவினை வசனம் இறங்கியது. மகள்களுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி உனக்கு என்று அந்தச் சகோதரருக்குத் தீர்ப்பாயிற்று. அந்த மீதி இருபத்து நான்கில் ஐந்து. நம் ஊர்ச் சிறிய தகப்பனார்கள் அந்த ஐந்தை மறக்காமல் கேட்டு வாங்குகிறார்கள். அண்ணன் மகளின் படிப்புக்கும் நிக்காஹுக்கும் வந்து நிற்பவர்கள் எத்தனை பேர்? நிற்க மாட்டார்கள் என்று தெரிந்தால் தகப்பன் பயப்படத்தான் செய்வான்.

அந்தத் தகப்பனுக்கு வழி உண்டு. அதன் பெயர் ஹிபா. ஆரோக்கியத்தோடு இருக்கும்போது, வாரிசை வஞ்சிக்கும் எண்ணம் இல்லாமல், மகளின் தேவைக்காக உங்கள் சொத்தில் கொடுக்கலாம். கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், அவள் ஏற்க வேண்டும், அவள் கைக்குப் போக வேண்டும். பலர் தவறுவது மூன்றாவதில்தான். சாவியையும் வாடகையையும் தன் கையில் வைத்துக்கொண்டு கொடுத்தேன் என்றால், அது வஸிய்யத்தின் வேஷம். படுத்த படுக்கையில், மவ்த்து நோயில் கொடுத்தாலும் வஸிய்யத்தின் ஹுக்முதான். வாய்மொழி ஹிபாவும் செல்லும், அதை எழுதி வைத்த காகிதத்துக்குப் பதிவு கட்டாயமில்லை என்று 2011-ல் ஹஃபீஸா பீவி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் பதிவு செய்யுங்கள். பட்டா மாற்றப் போகும்போது உங்கள் மகள் தாசில்தாரிடம் ஃபிக்ஹு நடத்த முடியாது.

பிள்ளைகளுக்குள் கொடுக்கும்போது கவனம். நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் தந்தை அவருக்கு மட்டும் ஓர் அடிமையைக் கொடுத்துவிட்டு, நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தாயா என்று கேட்டு, இல்லை என்றதும் அந்த அநீதிக்குச் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளை, தீராத நோயாளி என்று நியாயமான தேவை இருந்தால் கூடுதலாகக் கொடுக்க உலமாக்கள் பலர் இடம் தருகிறார்கள். அப்போதும் மற்றப் பிள்ளைகளை உட்காரவைத்துக் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் செய்தால் அதுவே பகையாகும்.

"மகளுக்குத்தான் நகை போட்டோமே, சீர் செய்தோமே, அவள் பங்கு தீர்ந்துவிட்டது" என்பது நம் ஊர்க் கணக்கு. வரதட்சணை வாங்கியவன் செய்தது ஒரு பாவம். அதைக் காட்டிப் பங்கை மறுப்பது இரண்டாவது. தகப்பன் உயிரோடு இருக்கும்போது மகளிடம் "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்குகிறார்கள். இன்னும் பிறக்காத உரிமையை அவள் எப்படி விட்டுக்கொடுப்பாள்? காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அங்கே சிக்கல் தலைகீழ். தங்கைக்கு வீடு கட்டியே அண்ணனுக்கு வயதாகிவிடுகிறது. அதைப் பேச இன்னொரு கூட்டம் வேண்டும்.

வங்கியில் நாமினி போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள், அந்த வைப்புத்தொகைக்குச் சொந்தக்காரர் அல்ல. அவர் கையில் வந்த பணமும் வாரிசுகள் அனைவருக்கும் உரியது. மூத்த மகன் நாமினி என்பதற்காக அதைத் தன் கணக்கில் போட்டுக்கொண்டால், உம்மாவின் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிறார்.

இந்தக் கூட்டத்துக்கு முன் நம் இளைஞர்கள் என்னிடம், "ஹஜ்ரத், ஒரு வஸிய்யத் படிவம் தயார் செய்து கொடுங்கள், ஆயிரம் பிரதி அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்துவிடுவோம்" என்றார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அச்சடித்த படிவத்தில் சவூதிப் பணத்துக்குக் கட்டம் இருக்காது. அநாதைப் பேரனின் பெயர் இருக்காது. அதற்குப் பதிலாக நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று ஜமாஅத் செலவில் தருகிறோம். முதல் பக்கத்தில் யாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று எழுதுங்கள், மஹரிலிருந்து தொடங்கி. அடுத்த பக்கத்தில் யார் எனக்குத் தர வேண்டும். பிறகு என் பெயரில் இருந்தும் என்னுடையது அல்லாதவை, என்னுடையதாக இருந்தும் அடுத்தவர் பெயரில் இருப்பவை. மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், பாதி விவரம் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் பாகப்பிரிவினைக் கணக்குத் தெரிந்த இரண்டு ஆலிம்களும் ஒரு வழக்கறிஞரும் ஜமாஅத் அலுவலகத்தில் இருப்பார்கள். குடும்பம் குடும்பமாகத் தனித்தனியே உட்காரலாம். பெண்கள் தனியாக வந்து கேட்கவும் நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஹனஃபியா, ஷாஃபியா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில இடங்களில் கணக்கு மாறும். நோட்டையும் பத்திர நகலையும் கொண்டுவாருங்கள். என் நோட்டை நான் போன வாரம்தான் எழுதி முடித்தேன். மஹர் பக்கத்தில் என் பெயரும் இருந்தது.