விலைக்கு வாங்கிய ப்ராஜெக்ட்

பொறியியல் மாணவனை உருவாக்குவது பாடப்புத்தகமா, செய்முறையா? இதுதானே தலைப்பு? எதிரணியில் பேசிய சகோதரி, "கடைசி வருஷத்து ப்ராஜெக்டைக் காசு கொடுத்துத்தானே பல பேர் வாங்குறாங்க, இதுல என்ன செய்முறை?" என்று கேட்டார். அம்மா, வாங்கினவன் செய்முறை செய்யலியே! அது எங்க கட்சிக்கு நீங்க எடுத்துக் கொடுத்த சாட்சி. (கைதட்டல்)

என் தங்கச்சி மகன் மின்னணுவியல் படித்தான். மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பினா மோட்டார் தானா நிக்கணும். அதுதான் ப்ராஜெக்ட். கடையில ரெடியா இருக்கு. ரிப்போர்ட்டும் பைண்டு பண்ணித் தர்றான். எங்க மாப்பிள்ளை தறி ஓட்டுறவர். வளையலை அடகு வெச்சுப் பணத்தோட வந்து நின்னார். பையன், "வேண்டாம்ப்பா, நானே செய்றேன்"னுட்டான். மறுநாளே வளையல் வீடு திரும்பியது.

தொட்டிக்குள்ளே செம்புக் கம்பிகளைத் தொங்கவிட்டான். தண்ணி ஏறி கம்பியைத் தொட்டா மின்சாரம் பாயும், டிரான்சிஸ்டர் வேலை செய்யும், ரிலே மோட்டாரை நிறுத்தும். நான் தமிழ் வாத்தியார். எனக்கு டிரான்சிஸ்டர்னா ரேடியோதான்! (சிரிப்பு) முதல் நாள் அருமையா நின்னுது. மூணாவது வாரம் மாடிப்படியெல்லாம் குற்றாலம்! தங்கச்சி துடைப்பத்தோட நிக்கிறா.

கம்பியை எடுத்துப் பார்த்தா, பச்சை பூத்து அரிச்சு அறுந்துபோயிருக்கு. ஒரே திசையில் ஓயாமல் மின்சாரம் பாய்ந்தால் நேர்முனைக் கம்பி தண்ணீரில் கரையும். மின்னாற்பகுப்பு! பிளஸ் டூவில் மனப்பாடம் பண்ணி மார்க்கு வாங்கியவன்தான். புரிஞ்சது இப்பதான். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிக்கு மாறினான். மின்சாரத்தை எந்நேரமும் விடாம, அப்பப்ப ஒரு கண்ணிமைப் பொழுது மட்டும் விட்டுப் பார்க்கும்படி மைக்ரோகண்ட்ரோலருக்கு நிரல் எழுதினான். வைவாவில், "ஏன் எஃகு?" என்று கேட்டாங்க. கால் மணி நேரம் பேசினான். வாங்கிய பையனைக் கேட்டா? "கடையில அப்படித்தான் சார் கொடுத்தாங்க!" (பலத்த சிரிப்பு)

சின்னத் தொட்டியைச் சொல்றேன்னு நினைக்காதீங்க. 2009 ஏப்ரல் 20-இல் விண்ணுக்குப் போன அனுசாட், அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து செய்த 40 கிலோ செயற்கைக்கோள். 2010 ஜூலை 12-இல் போன ஸ்டுட்சாட், பெங்களூர், ஹைதராபாத்தைச் சேர்ந்த ஏழு பொறியியல் கல்லூரிகளின் இளநிலை மாணவர்கள் செய்தது. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு! நம்ம வீட்டுச் சர்க்கரைப் பொட்டலம் கனம்கூட இல்ல. அதை எந்தக் கடையில் போய் வாங்குவீங்க?

பெற்றோர்களே, பணம் கேட்டு வரும் பிள்ளையிடம் ஒன்றே ஒன்று கேளுங்க: "இது கெட்டுப்போனா உனக்குச் சரிபண்ணத் தெரியுமா?" நடுவர் மணியைத் தொட்டுட்டார்.