கொடுப்பதற்கு முன் கேளுங்கள்

2017 மே 31, அதிகாலை. சென்னை தி. நகர் உஸ்மான் சாலையில் ஒரு பெரிய துணிக்கடையில் தீப்பிடித்தது. ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதியே இடிந்து விழுந்தது. அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள்.

அப்படிக் கட்டிய துணியோடு தெருவுக்கு வந்தவருக்கு முதலில் என்ன வேண்டும்? பழைய புடவையா? இல்லை. சர்க்கரை மாத்திரை. மூக்குக் கண்ணாடி. செல்போன் சார்ஜர். புது உள்ளாடை. பெண்களுக்கு நாப்கின்.

நாமோ பீரோவைத் திறந்து பழைய துணியை மூட்டை கட்டுகிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் அப்படி வந்த துணி சாலையோரம் குவிந்து கிடந்தது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் காட்டுத்தீயின்போதும் இதே கதைதான். துணி போதும் என்று நிவாரண மையங்களே சொல்ல வேண்டியதாயிற்று.

கல்யாணத்துக்கு வந்த எல்லோரும் சுவர்க் கடிகாரமே பரிசளித்தால் எப்படி? துணியைப் பிரிக்க ஆள் வேண்டும். வைக்க இடம் வேண்டும். சாப்பாட்டுப் பொட்டலம் கட்ட வேண்டிய கைகள் அதில் மாட்டிக்கொள்ளும்.

மயிலாப்பூரோ அடையாறோ, எங்கே ஆபத்து என்றாலும் முதலில் அங்குள்ள நிவாரண மையத்துக்கு ஒரு போன் போடுங்கள். என்ன வேண்டும்? எத்தனை பேருக்கு? கேட்டுவிட்டுக் கொடுங்கள். கேட்க வழியில்லையா? பணமாகக் கொடுங்கள். வேண்டியதை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கொடுக்கிற மனசு நமக்கு இருக்கிறது. அதோடு கேட்கிற பழக்கமும் சேரட்டும்.