சலங்கை முந்துது, கால் பிந்துது

ஜெர்மனியில் நம்மவர்களின் அரங்கேற்றங்களுக்குப் போனவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். மேடையில் பிள்ளை தட்டடவு போடுகிறாள். பெருந்திரையில் அதே கால் சற்றுப் பிந்தித்தான் தரையைத் தொடுகிறது. வருடக்கணக்காய்ப் பயின்ற பிள்ளை தாளம் தப்பியவள்போலத் தெரிவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. பிழை அவளுடையதல்ல; நடுவிலுள்ள கருவிகள் நேரத்தைத் தின்கின்றன.

பதிவுக்கருவி நேரத்தைத் தின்னும் கதையில் ஜெர்மனிக்குப் பெரிய பங்குண்டு. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏஇஜி நிறுவனம் மேக்னெட்டோஃபோன் என்ற ஒலிநாடாக் கருவியைக் காட்டியது. அதில் பதியும் தலை வேறு, வாசிக்கும் தலை வேறு. நாடாவின் வேகம் பிறகு விநாடிக்கு 77 செ.மீ. என்று நிலைத்தது. இரு தலைகளுக்கும் இடையே 4 செ.மீ. இருந்தால், பதியும்போதே கேட்கும் குரலும் 52 மில்லிவிநாடி பழசு!

அந்தப் பிந்தலைக் காது எவ்வளவு பொறுக்கும்? கோட்டிங்கனில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் தம் முனைவர் ஆய்வில் இதைத்தான் அளந்தார். ஒரே பேச்சை இரண்டு ஒலிபெருக்கிகளில் விட்டு, ஒன்றை மட்டும் பிந்தச் செய்தார். இடைவெளி 5 முதல் 30 மில்லிவிநாடி வரை இருந்தால், பிந்திய ஒலி 10 டெசிபெல் வரை உரத்திருந்தாலும் குரல் முந்தி வந்த பக்கத்திலிருந்தே வருவதாகக் காது கொள்கிறது. பேச்சு வேகமாக ஆக, எதிரொலியின் தொந்தரவும் கூடுகிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

மண்டபத்தின் பின்வரிசை ஒலிபெருக்கிப் பெட்டிகளை இன்று அமைப்பது இந்த அறிவை வைத்துத்தான். மேடையிலிருந்து 34 மீட்டர் வர ஒலிக்கு 100 மில்லிவிநாடி ஆகும். பின்பெட்டியை அதற்கும் 10, 15 கூடுதலாகப் பிந்த விட்டால், பாடுபவர் மேடையிலேயே இருப்பதாகக் கேட்கும்.

படத்தின் சங்கதி வேறு. விநாடிக்கு 25 படம் என்றால் ஒரு படத்துக்கு 40 மில்லிவிநாடி. கேமரா, வீடியோ மிக்சர், திரைக்கருவி ஒவ்வொன்றும் ஒரு படத்தைப் பிடித்து வைத்தாலே 120 ஆகிவிடும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரை, ஒலி படத்தை 40க்கு மேல் முந்தக்கூடாது, 60க்கு மேல் பிந்தக்கூடாது என்கிறது. தூரத்தில் துணி துவைப்பவரைப் பாருங்கள்: அடி முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். அந்தப் பழக்கத்தால்தான் பிந்தலுக்குச் சலுகை அதிகம்.

இணைய ஒளிபரப்புக்கு ஒலியைப் படத்தோடு சேரும்படி பிந்தவிட்டால் போதும். மண்டபத்தில் அது கூடவே கூடாது. ஆடும் பிள்ளை கண்முன்னே நிற்கிறாளே! அங்கே படத்தின் பாதையைத்தான் குறுக்க வேண்டும். தேவையில்லாத மாற்றிகளைக் கழற்றுங்கள். திரைக்கருவியின் பட மெருகேற்றலை அணைத்துவிடுங்கள்.

பிந்தலை அளக்க, நிகழ்ச்சிக்கு முன் தட்டுக்கழியால் தட்டுமனையில் ஓங்கி ஒரு தட்டு. மேடையும் திரையும் சேர்ந்து தெரிய, விநாடிக்கு 50 படம் எடுக்கும் கைபேசியில் அதைப் பிடியுங்கள். மேடையில் கழி விழுந்ததற்கும் திரையில் விழுந்ததற்கும் இடையே 6 படம் இருந்தால், உங்கள் மண்டபத்தின் பிந்தல் 120 மில்லிவிநாடி.